பாட்டா கட்டிய பாலத்தை மேசையில் கொண்டுவருவது எப்படி? (பர்மா 1944-45, மினியேச்சர், போர் விளையாட்டு)

தக்கலைத்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மா வழிப் பாட்டா மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது படைக்குப் பாலமும் பாதையும் போடுகிற பொறியாளர் பிரிவில் இருந்தவர். பெங்களூரில் பயிற்சி, அப்புறம் பர்மா. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு மெடல், மங்கிப்போன ஒரு குரூப் போட்டோ. மெடல்களில் ஒன்று பர்மா ஸ்டார் என்பது ரிப்பனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு.

நான் சில வருடங்களாக 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைச் சிப்பாய்களைச் சேர்த்துப் பெயின்ட் செய்து வருகிறேன். இதுவரை செய்ததெல்லாம் வட ஆப்பிரிக்கா. இப்போது பாட்டாவின் செக்‌ஷனைச் செய்ய ஆசை. ஆனால் கடைகளில் கிடைக்கும் 14வது படை (பர்மாவில் சண்டையிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படை) செட்டுகளில் எல்லாரும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பாலப் பலகை சுமக்கிறவன், கயிறு இழுக்கிறவன், சுத்தியல் பிடித்தவன் யாருமே இல்லை. பாட்டா வாழ்நாளில் பேசியது பாலத்தைப் பற்றியும் தெப்பத்தைப் பற்றியும்தான். சுட்டதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

கேட்க வேண்டியவை: எந்த அளவில் செய்யலாம்? இந்திய சாப்பருக்கு உடை, நிறம் என்ன? அப்புறம், ஒரு சாப்பர் செக்‌ஷனை வைத்து உண்மையிலேயே ஒரு விளையாட்டு ஆட முடியுமா? எனக்கு அது அலமாரியில் நிற்கும் பொம்மையாக மட்டும் இருந்தால் போதாது.

கருங்கல்_சிற்பி எழுதியது:

அளவைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், பாலம் என்று சொல்லிவிட்டீர்களே.

பர்மாவின் கலேவாவில் சிந்துவின் (Chindwin) என்ற ஆற்றுக்குக் குறுக்கே 1944 டிசம்பரில் போட்ட மிதவைப் பெய்லி பாலத்தின் (இரும்புப் பேனல்களை ஒன்றோடொன்று இணைத்துப் போடுகிற பாலம்) நீளம் 1154 அடி. அப்போது உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். மீட்டரில் 350க்குக் கொஞ்சம் மேல். நீங்கள் செய்யும் 28 மில்லிமீட்டர் அளவு ஏறக்குறைய 56க்கு 1. அந்தக் கணக்கில் பாலம் மட்டும் ஆறேகால் மீட்டர் வரும். உங்கள் வீட்டு நடுமுற்றத்தில்கூட அடங்காது. 72க்கு 1 என்றால் 4.9 மீட்டர். ஆறு மில்லிமீட்டர் சிப்பாய்கள் என்று சொல்கிற 285க்கு 1 அளவில்தான் 1.2 மீட்டருக்கு இறங்கும், அதை ஒரு சாப்பாட்டு மேசையில் வைக்கலாம்.

முழுப் பாலம் வேண்டுமா, பாட்டாவின் முகம் வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு மில்லிமீட்டரில் முகம் ஒரு புள்ளி. என் யோசனை, 28இல் பாலத்தின் மூன்று பேனல் நீளத்தை மட்டும் செய்யுங்கள். ஒரு பெய்லி பேனல் 10 அடி நீளம், 5 அடிக்குச் சற்று மேல் உயரம், எடை 570 பவுண்டு, அதாவது 260 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு பேர் சேர்ந்து தூக்குவார்கள். 56க்கு 1 அளவில் ஒரு பேனல் ஐந்தரை சென்டிமீட்டர். ஆறு பேர் ஒரு பேனலைத் தோளளவு தூக்கி நடக்கிற ஒரே ஒரு அடித்தளம் போதும், பெய்லி பாலம் என்றால் என்ன என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். கிரேன் இல்லாமல் மனிதக் கைகளால் போடக்கூடிய பாலம் என்பதுதான் டொனால்ட் பெய்லியின் வடிவமைப்பில் பெரிய விஷயமே.

பேனலின் குறுக்குச் சட்டங்களுக்கு ஈர்க்கில் வேண்டாம், வளையும். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டுங்கள். ஈர்க்கிலை மூங்கில் குடிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம்_ஹவில்தார் எழுதியது:

தம்பி, நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன். பொம்மை செய்வதைப் பற்றி எனக்குத் தெரியாது. காகிதத்தைப் பற்றித் தெரியும்.

பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒரு நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள். மூன்று விஷயம் தேடுங்கள். ஒன்று, ரெஜிமென்ட் நம்பர். இரண்டாவது, எந்தக் கம்பெனி. ஃபீல்டு கம்பெனியா, ஃபீல்டு பார்க் கம்பெனியா என்று எழுதியிருக்கும். ஃபீல்டு கம்பெனி முன்வரிசைக்குப் போகும், பார்க் கம்பெனி பின்னால் இருந்து பணிமனையும் தளவாடமும் பார்க்கும். மூன்றாவது, டிரேடு. சாப்பர் என்றால் எல்லாரும் ஒன்றல்ல. தச்சர், கொத்தனார், கொல்லர், டிரைவர் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழில் உண்டு. உங்கள் பாட்டா கையில் என்ன கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வார்த்தை சொல்லிவிடும்.

அந்த நம்பரை வைத்துப் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு வாரிசு என்ற முறையில் எழுதலாம். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். போரில் இறந்தவர்களாக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடலாம். யாங்கோன் பக்கத்தில் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர் வெட்டியிருக்கிறது. அதில் நம் பக்கத்துப் பெயர்களை நிறையப் பார்க்கலாம்.

இன்னொன்று. மெட்ராஸ் சாப்பர்களைப் படையில் எல்லாரும் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள், இன்றைக்கும். சுபேதார் சுப்ரமணியன் என்று ஒருவர். 11வது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944இல் இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கத்தில் கண்ணிவெடி எடுக்கும்போது கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடியின் மேல் தானே விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் கையில் அந்த நேரம் துப்பாக்கி இல்லை. உங்கள் பொம்மைகளுக்குத் துப்பாக்கி இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

தக்கலைத்தம்பி எழுதியது:

ஹவில்தார் சார், ரொம்ப நன்றி. உடனே எடுத்துப் பார்த்தேன். டிரேடு "தச்சர்" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஃபீல்டு கம்பெனிதான், எண் மட்டும் மை பரவிக் கிடக்கிறது. ஸ்கேன் செய்து பெங்களூருக்கு அனுப்பப்போகிறேன். வீட்டு உத்திரம், கட்டில், அம்மாவின் பெட்டி எல்லாம் பாட்டா செய்ததுதான். பட்டாளத்துக்கும் தச்சராகவே போனார் என்று இப்போதுதான் தெரிகிறது.

குலசேகரம்_பால்வெட்டு எழுதியது:

நிறத்துக்கு நான் வருகிறேன்.

1941இல் மலாயாவில் இருந்த இந்தியப் படைக்குக் காக்கி டிரில் சட்டையும் அரைக்கால் சட்டையும். அதைப் பார்த்துப் பர்மாவுக்கும் காக்கி அடித்துவிடாதீர்கள். பின்னால் காக்கித் துணியையே பச்சைச் சாயத்தில் முக்கினார்கள், 1944-45க்கு வரும்போது ஜங்கிள் கிரீன் வந்துவிட்டது. முழுநீளப் பேன்ட், ஒருபக்கம் மடித்த அகலத் தொப்பி. சாயம் முக்கிய துணி வெயிலிலும் வியர்வையிலும் ஒரே மாதிரி வெளுக்காது. அதனால் பத்துப் பேருக்கும் ஒரே பச்சை அடித்தால் பொய்யாகத் தெரியும். வயெஹோ பெயின்டில் ரஷ்யன் கிரீனோடு கொஞ்சம் காக்கி கலந்து ஒருவனுக்கு, காக்கியைக் கூட்டி இன்னொருவனுக்கு, பழுப்பு கலந்து மூன்றாமவனுக்கு. சாப்பர்கள் பாதி நேரம் சட்டை இல்லாமல்தான் வேலை செய்திருப்பார்கள். போட்டோக்களைப் பார்த்தாலே தெரியும்.

துப்பாக்கி இஷாப்பூரில் செய்த லீ-என்பீல்டு, மூன்றாம் மார்க். இந்தியப் படையில் பல பிரிவுகள் பிரென் கிடைக்கும்வரை விக்கர்ஸ்-பெர்தியே என்ற இலகு மெஷின் கன்னை வைத்திருந்தன. இரண்டுக்கும் மேலே வளைந்த மேகசீன் என்பதால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது தோல். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயின்ட் செட்டில் "ஃபிளெஷ்" என்று எழுதி வரும் பாட்டில் ஐரோப்பியத் தோல். அதோடு பழுப்பைக் கலந்து இந்தியனைச் செய்யப் போனால் நோயாளி மாதிரி சாம்பல் அடித்துப்போகும். அடிநிறமே பழுப்பாக இருக்க வேண்டும். நான் ஃபிளாட் பிரவுன் அடித்து, அடர்பழுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) ஓடவிட்டு, மூக்கு, கன்னம், தோள், கைமுட்டியில் பீஜ் பிரவுன் ஏற்றுவேன். சட்டை இல்லாத உடம்புக்கு இன்னும் ஒரு படி, வெயில் படுகிற இடத்தில் லேசாக மஞ்சள் சேர்த்து. நம் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களை ஒருமுறை பாருங்கள், எத்தனை நிறம்! ஒவ்வொருவனுக்கும் கலவையை மாற்றுங்கள். என் பார்வையில் இந்தக் கலையில் நமக்கென்று ஒரு பொறுப்பு உண்டென்றால் அது இதுதான். அச்சிட்ட வழிகாட்டிகளில் நம் முகத்துக்குக் குறிப்பு அரிது. நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரக் காற்றில் ஸ்பிரே பிரைமரோ வார்னிஷோ அடித்தால் வெள்ளை பூத்துவிடும். மழை நாளில் பிரஷ்ஷால் தடவுங்கள். ஸ்பிரேயைப் பிப்ரவரி, மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலைத்தம்பி எழுதியது:

பால்வெட்டு அண்ணே, இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பேனல் தூக்கும் ஆறு பேரை எதிலிருந்து செதுக்கலாம்?

குலசேகரம்_பால்வெட்டு எழுதியது:

14வது படை செட்டில் ஒன்று வாங்கு. கைகள் தனியாக வரும் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. தோள் மூட்டில் வெட்டிக் கையை மேலே திருப்பு. உள்ளே மெல்லிய கம்பி, மேலே எபோக்ஸி. நுணுக்கமான மடிப்புக்கு வெளிநாட்டுப் பச்சைப் புட்டி, உடம்பின் கனத்துக்கு எம்-சீல். எம்-சீல் சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசை. சட்டை இல்லாத உடம்பு ஒன்றைச் செய்து முடித்தால் அதையே அச்செடுத்துவிடலாம். நாங்கள் ரப்பர் தோட்டக்காரர்கள், லேடெக்ஸ் வீட்டிலேயே இருக்கிறது. அமோனியா சேர்த்த கெட்டிப் பாலை மெல்லிய படலமாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, பல படலம் ஏற்றினால் தோல் மாதிரி உரிந்து வரும். பிளாஸ்டர் ஊற்றப் போதுமான அச்சு. மணல் மூட்டை, மிதவை, மரப்பெட்டி இவற்றுக்கு அருமை. விரல்போல மெலிந்த பாகங்களுக்குப் பிளாஸ்டர் உடையும், அங்கே ரெசின்.

வடசேரி_மேகலா எழுதியது:

நான் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. என் தம்பி இந்த இழையை அனுப்பினான். படித்துவிட்டு ஒன்று எழுதத் தோன்றியது.

என் பாட்டாவின் அண்ணன் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபிறகு, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். அவரைப் போலத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பர்மாவுக்குப் போனார் என்று கூட வேலை செய்தவர் ஒருவர் வந்து சொன்னார். அவ்வளவுதான். அவர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், எந்த ஆற்றங்கரையில், யார் சுட்டது, எதுவும் தெரியாது. ஆச்சி கடைசிவரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. நாள் தெரியாதே என்பாள்.

தக்கலைத்தம்பி, உங்கள் பாட்டாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மரியாதைதான். ஆனால் உங்கள் மேசையில் எதிர்க்கரையில் நிற்பது யார்? பகடை உருட்டி ஒருவனை எடுத்து டப்பாவில் போடும்போது அது எங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம். பொம்மை செய்து கண்ணாடிக்குள் வைப்பதை நான் புரிந்துகொள்கிறேன். விளையாடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கோபத்தில் எழுதவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

முட்டம்_நீவாடு எழுதியது:

மேகலா அக்கா, நீங்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. நான் வெகுநாளாக ஆடுகிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1945 பிப்ரவரி 14, ஐராவதி, ஞாங்-ஊ. அந்த இடத்தில் ஆற்றைக் கடந்தது பிரிட்டிஷ் பக்கத்தின் 7வது இந்திய டிவிஷன். எதிர்க்கரையில் ஞாங்-ஊவிலும் பகானிலும் இருந்தது குர்பக்‌ஷ் சிங் தில்லான் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்தின் 4வது கெரில்லா ரெஜிமென்ட், நேரு பிரிகேட். பின்னாளில் டில்லி செங்கோட்டை விசாரணையில் நின்ற மூவரில் ஒருவர் அந்தத் தில்லான். ஆக, ஒரே ஆற்றின் இரண்டு கரையிலும் இந்தியர்கள். இந்தக் கரையில் தெப்பம் செலுத்திய சாப்பரும் அந்தக் கரையில் குழிக்குள் இருந்த தோட்டத் தொழிலாளியும் ஒரே மாவட்டத்துக்காரர்களாக இருந்திருக்க முடியும். பெயின்ட் அடிக்கும்போது எனக்கு நெஞ்சில் தைத்தது இதுதான்: இருவர் கையிலும் அதே லீ-என்பீல்டு. இந்திய தேசிய ராணுவத்துக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி சிங்கப்பூரில் பிரிட்டிஷார் விட்டுப்போன ஆயுதமும் உடையும்தான். ஒருவனுக்குப் பச்சைத் துணி, மற்றவனுக்குக் காக்கி, நெஞ்சில் வேறு சின்னம்.

இதை ஆடக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. யார் அதிகம் கொன்றார்கள் என்று புள்ளி எண்ணுகிற ஆட்டமாக ஆடக் கூடாது என்று நினைக்கிறேன். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போர் விளையாட்டை ராணுவத்துக்குக் கொண்டுபோனபோது அதில் நடுவர் ஒருவர் இருந்தார். இரண்டு பக்கத்துக்கும் எதிரி எங்கே என்று தெரியாது. நடுவரிடம் மட்டும் முழு வரைபடம். தளபதி தன் குருட்டுத்தனத்தோடு முடிவெடுக்கப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். அப்படி ஆடினால் கரையில் இருக்கிறவனுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று நமக்கே உறைக்கும். அந்தக் கரையில் நின்றவருக்கு எதிரே ஒரு டிவிஷன் வருகிறது என்று தெரியாது. 14வது படையின் தளபதி ஸ்லிம் தன் படையின் ஒரு பெரும் பகுதியை ரகசியமாகத் தெற்கே இறக்கிவிட்டு, ஜப்பானியரின் கண் மண்டலே பக்கமே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். உங்கள் பெரிய பாட்டாவை அங்கே விட்டவர்கள் அவருக்குப் போதுமான குண்டும் கொடுக்கவில்லை, ஆளும் கொடுக்கவில்லை. புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது ஒரு வரி. எதிர்க்கரையை நானே எடுத்து ஆடியபோது அந்த நிலைமை என்னவென்று புரிந்தது.

வடசேரி_மேகலா எழுதியது:

நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். அவர் அந்தக் கரையில்தான் இருந்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்திருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய செய்தி. ஆடுவதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

ஆரல்காற்று எழுதியது:

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். பர்மா சரி, நம் காலடியிலேயே எத்தனை களம்! குளச்சலில் 1741இல் டச்சுக் கம்பெனியை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது, பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் திருவிதாங்கூரின் வலிய கப்பித்தானாகி (படைத் தலைவராகி) உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானது, 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டைவரிசையை ஆங்கிலக் கம்பெனிப் படை ஏறிப் பிடித்தது, தளக்குளத்தில் பிறந்த திவான் வேலுத்தம்பியின் எதிர்ப்பு அதோடு முறிந்தது. கணவாயின் இரண்டு பக்க மலையும் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, மாணவர்களைக் கூட்டிப்போய் நின்றாலே பாதி ஆட்டம் புரியும். இதை யாராவது மேசையில் செய்யுங்கள்.

கருங்கல்_சிற்பி எழுதியது:

சார், ஆரல்வாய்மொழி செய்ய எனக்கும் ஆசைதான், தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இந்த இழை ஒரு வீட்டுக் காகிதத்தில் இருந்து தொடங்கியது. 1809க்கு நம்மில் யார் வீட்டிலும் டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லை.

கொல்லங்கோடு_87 எழுதியது:

என் அப்பா 1987இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். அந்தப் போரை நான் மேசையில் வைக்க மாட்டேன். யாரும் வைத்துப் படம் போட்டால் பார்க்கவும் மாட்டேன். அதில் பட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பர்மாவுக்கு எண்பது வருடம் ஆகிறது. எத்தனை வருடம் போதும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, இலங்கைப் போருக்கு ஆனது போதாது என்பது மட்டும் தெரியும்.

மார்த்தாண்டம்_ஹவில்தார் எழுதியது:

கொல்லங்கோடு தம்பி சொன்னதோடு நான் முழுக்க நிற்கிறேன்.

இன்னொரு விஷயம் தக்கலைத்தம்பிக்கு. போட்டோவில் தெரியாத பேட்ஜை உங்கள் பொம்மைத் தோளில் வரையாதீர்கள். 14வது படையின் சிவப்புக் கேடயம் அழகாக இருக்கும், 7வது டிவிஷனின் தங்க அம்பு அழகாக இருக்கும். அழகுக்காகப் போட்டால் பாட்டா போகாத இடத்துக்கு அவரை அனுப்பியதாகிவிடும். ரெக்கார்ட்ஸில் இருந்து பதில் வரட்டும், தோளைக் காலியாக விட்டு வையுங்கள்.

தக்கலைத்தம்பி எழுதியது:

காலியாகவே விடுகிறேன் சார். பாட்டா ஞாங்-ஊவில் இருந்தாரா, கலேவாவில் இருந்தாரா, இரண்டிலும் இல்லையா என்று காகிதம் வந்தபிறகே பேசுவேன். அதுவரை ஆட்டத்தில் வருவது "ஒரு ஃபீல்டு கம்பெனியின் செக்‌ஷன்", அவ்வளவுதான்.

மேகலா அக்கா, உங்கள் கேள்வி என்னை விடவில்லை. முட்டம் அண்ணனிடம் போனில் பேசி ஒரு விதி வரைவு எழுதினேன். பார்த்துச் சொல்லுங்கள், எல்லாரும்.

மேசை: எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருக்கிறது, 9 அடிக்கு 5 அடி. ஞாங்-ஊவில் சாய்வாகக் கடக்க வேண்டியிருந்த நீர்வழி ஏறக்குறைய 2000 கஜம். ஒரு அங்குலத்துக்கு 20 கஜம் என்று வைத்தால் ஆறு மட்டும் 100 அங்குலம். மேசையின் நீளம் 108. ஆக இந்தக் கடைசியில் ஒரு நான்கு அங்குலம் கரை, அந்தக் கடைசியில் ஒரு நான்கு அங்குலம் கரை, நடுவில் மேசை முழுக்கத் தண்ணீர். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாத அந்தத் தூரத்தைப் படகில் உட்கார்ந்து கடக்க வேண்டும்.

ஆட்டம்: துருப்புகளை ஒருவர் ஆடுவார், சாப்பர்களை இன்னொருவர், எதிர்க்கரையை மூன்றாமவர், நடுவராக ஒருவர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சீட்டு பைக்குள். எந்தச் சீட்டு வருகிறதோ அந்தப் பிரிவு நகரும், அதனால் யார் முதலில் என்று யாருக்கும் தெரியாது. படகு இன்ஜினுக்குப் பகடையில் ஒன்று விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். அன்றைக்கு உண்மையிலேயே நின்றன, காற்றும் எழுந்தது, படகுகள் ஓட்டத்தில் கீழே போயின, முதல் கடப்பு குலைந்தது. சாப்பர் இருக்கிற படகில் மட்டும் இன்ஜினைத் திரும்பக் கிளப்பப் பார்க்கலாம். வெற்றி என்பது விடிவதற்குள் எத்தனை பிரிவு மறுகரை சேர்ந்தது என்ற கணக்கு. எதிர்க்கரைக்கு வெற்றி, குண்டு தீர்வதற்குள் எத்தனை பேரை உயிரோடு பின்வாங்க வைத்தார்கள் என்ற கணக்கு. கொன்றவர்களுக்குப் புள்ளி கிடையாது. அடிபட்ட பொம்மையை டப்பாவில் போடுவதும் கிடையாது. விழுந்த இடத்திலேயே இருக்கும், ஆட்டம் முடியும்வரை.

முட்டம்_நீவாடு எழுதியது:

நீரோட்டத்தைச் சேர்த்துவிடு மக்கா. நீவாடு பார்த்துப் படகு இறக்குகிற குடும்பத்தில் பிறந்தவன் சொல்கிறேன், நேராக எதிர்க்கரையைப் பார்த்து விட்ட படகு நேராகப் போகாது. ஒவ்வொரு முறையும் படகு நகர்ந்தபின் ஓட்டத்தின் திசையில் ஒரு அங்குலம் இறங்கட்டும், இன்ஜின் நின்ற படகு மூன்று அங்குலம். துருப்பு ஆடுகிறவன் மேலே தள்ளிப் புறப்பட்டால்தான் நினைத்த இடத்தில் சேர்வான். புறப்படும் இடத்தைக் குறிக்கிற வேலையைச் சாப்பர் ஆடுகிறவனுக்குக் கொடு. அப்போது அவன் முடிவுதான் ஆட்டத்தையே நகர்த்தும்.

முதல் கடப்பு குலைந்தபிறகு பகலில் டாங்கிகளும் விமானமும் எதிர்க்கரையை அடித்துக்கொண்டிருக்க 15வது பஞ்சாப் ரெஜிமென்டின் 4வது பட்டாலியன் கடந்தது. அதை இரண்டாவது ஆட்டமாக வை. ஒரே ஆட்டத்தில் இரண்டையும் திணித்தால் இரண்டும் கெடும்.

கருங்கல்_சிற்பி எழுதியது:

அங்குலத்துக்கு 20 கஜம் என்பது நிலத்தின் அளவு, 28 மில்லிமீட்டர் சிப்பாய் அந்த மேசையில் ராட்சசனாக நிற்பான். இந்த ஆட்டத்துக்கு ஆறு மில்லிமீட்டர் போடுங்கள். 28இல் பேனல் தூக்கும் ஆறு பேர் தனியாக, மேசை ஓரத்தில். இறக்குமதி செய்தால் பொம்மை என்று வகைப்படுத்திவிட்டால் சுங்கம் மிக அதிகம், அதனால் ஆறு மில்லிமீட்டரை ரெசின் பிரின்டரில் எடுப்பதுதான் கட்டுப்படியாகும். பிரின்ட் எடுப்பதற்கான டிஜிட்டல் ஃபைலை விலைக்கு வாங்குங்கள், வடிவமைத்தவனுக்கும் ஏதாவது சேரட்டும். என்னிடம் பிரின்டர் இருக்கிறது. கையுறை இல்லாமல் ரெசினைத் தொடக் கூடாது, கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொண்டால் கருங்கல் வாருங்கள்.

வடசேரி_மேகலா எழுதியது:

விதியைப் படித்தேன். உயிரோடு பின்வாங்க வைத்தவர்களை எண்ணுவது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக ஒத்துக்கொள்கிறேன். எதிர்க்கரையை நான் ஆடலாமா? எனக்கு விதி எதுவும் தெரியாது, சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தக்கலைத்தம்பி எழுதியது:

கட்டாயம் அக்கா. முட்டம் அண்ணன் நடுவர், அவர் சொல்லித்தருவார். அந்தக் கரையின் பிரிவுகளை எங்கே வைப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கரைக்கு மணவாளக்குறிச்சி மணல் எடுக்கலாமா என்று நினைத்தேன், நிறம் நன்றாக இருக்கும்.

குலசேகரம்_பால்வெட்டு எழுதியது:

வேண்டாம். அதில் மோனசைட் உண்டு, தோரியம் உண்டு, அள்ளி வீட்டில் வைக்கிற மணல் அல்ல. சலித்த ஆற்றுமணல் போதும், கோந்தில் ஒட்டிக் கேமல் அக்ரிலிக்கை நீர்த்துப் பூசு. கரையோரக் கோரைக்குத் தேங்காய்த் தும்பைப் பச்சைச் சாயத்தில் முக்கிச் செருகு.

ஆற்றுக்கு நீலம் வாங்கிவிடாதே. பிப்ரவரி அங்கே வறண்ட காலம், தண்ணீர் இறங்கி நடுவில் மணல்திட்டு தலைகாட்டும். கலங்கிய பழுப்பில் கொஞ்சம் பச்சை, ஓரத்தில் மணல் நிறத்தை ஏற்று. மேலே பளபளப்பு வார்னிஷ், அதையும் பிரஷ்ஷால்.

முட்டம்_நீவாடு எழுதியது:

திட்டு வைப்பதானால் இடத்தை நான் வைக்கிறேன், நடுவர் வேலை அது. இரவில் படகு தட்டுகிறவரை யாருக்கும் தெரியக் கூடாது. மேகலா அக்காவுக்கு மட்டும் முன்னாடியே காட்டிவிடுவேன். அந்தக் கரையில் இருந்தவர்கள் பகலெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.